வராத மாசத்துக்குக் காசு எதுக்கு?

பரணில் கிடந்த பழைய பைகளைக் கழித்துக்கட்டலாம் என்று இறக்கினேன். நீலப் பை ஒன்றின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு சாவி கிடந்தது. சுண்டுவிரல் நீளம், தலையில் வட்டம், வாலில் மூன்று பல். இதற்குரிய பூட்டு எங்கே என்று தேட வேண்டியதில்லை. ஃபிரிட்ஜ் மேலிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில், தீர்ந்துபோன பேட்டரிகளோடும் ரப்பர் பேண்டுகளோடும், வளையம் அறுபட்டுக் கிடக்கிறது. சாவியைக் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசம்.

அந்த வாசத்தோடு வளர்ந்தவள் நான். அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வேலை. சொந்தப் பட்டறை கிடையாது, பீஸ் கணக்குதான். காலை முழுக்க அரத்தால் சாவிக்குப் பல் அராவிவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவார். சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினாலும் வாசம் போகாது. அவர் பிசைந்து கொடுக்கும் ரசஞ்சாத உருண்டையில் உப்பு, புளிப்போடு கொஞ்சம் பட்டறையும் இருக்கும். வீட்டில் இதே வாசம் அடித்த இன்னொரு கை அண்ணனுடையது. அவனுக்குப் பட்டறை பிடிக்காது. அது கூடத்திலிருந்து வந்த வாசம்.

என் மகன் வேதியியல் படித்தவன், இப்போது பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. அவன் ஒருமுறை சொன்னான்: இரும்புக்கென்று தனியாக வாசம் கிடையாதாம். நம் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை இரும்பைத் தொட்டதும் மாறி அந்த வாசத்தைக் கிளப்புகிறதாம். அப்படியானால் நான் இத்தனை வருஷமாகப் பட்டறை வாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அப்பாவின் கை வாசம். அதைக் கேட்ட பிறகு அந்தப் பூட்டைத் தூக்கிப் போட மனசே வரவில்லை.

‘ஜிம்’ என்ற சொல் அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. தகரப் போர்டில் ‘தேகப்பயிற்சி சாலை’ என்று எழுதியிருக்கும். வாயில் வருவது கூடம். ஓட்டுச் சாய்ப்பு, சாணம் மெழுகாத மண்தரை, மூலையில் கர்லாக்கட்டைகள், நடுவில் ரெண்டு ராடு, கொஞ்சம் பிளேட்டு. சுவரில் செந்தூரம் அப்பிய அனுமார் படம், அதன் பக்கத்தில் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் படம். அது சாண்டோ என்பான் அண்ணன். யூஜின் சாண்டோ என்ற அந்தப் பிரஷ்யாக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் நம் ஊரில் உடம்பு வளர்த்தவர்கள் பேருக்கு முன்னால் சாண்டோ ஒட்டிக்கொண்டது. படமெடுத்த சின்னப்பா தேவரே சாண்டோ சின்னப்பா தேவர்தானே. கையில்லாத பனியனுக்கும் அதே பேர். அண்ணன் கட்டம் போட்ட அரை டிராயரும் சாண்டோ பனியனுமாகக் காலை ஐந்து மணிக்குக் கிளம்புவான். முந்தின ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை ஒரு பிடி டிராயர் பையில்.

பெண்பிள்ளைகள் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அண்ணன் கடலையை மறந்துவிட்டுப் போன ஒரு காலையில், அம்மா என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினாள். வாசல்படியில் நின்று ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன். உள்ளே விளக்கெண்ணெயும் வியர்வையுமாகப் பளபளத்த முதுகுகள். ‘ஒண்ணு… ரெண்டு…’ என்று யாரோ எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு வரை நின்று கேட்டேன். அதற்குள் கூடத்து வாத்தியார் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ‘ஓடு பாப்பா’ என்று அனுப்பிவிட்டார். எனக்குப் பத்து வயசு. வீட்டுக்கு வந்து கொல்லையில் துணி துவைக்கிற கல்லைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

கூடத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய். அண்ணன் ஒரு தடவை மூன்று நாள் மட்டம் போட்டான். நாலாம் நாள் விடிகிறதுக்கு முன்னாலேயே வாத்தியார் எங்கள் வாசலில் வந்து நின்றார். நாலு முழ வேட்டி, மேலே துண்டு, குளித்த ஈரம் காயாத தலை.

“தங்கச்சி, பய எங்க?”

“மேலுக்குச் சரியில்லண்ணே” என்றாள் அம்மா. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுப்பாளா?

வாத்தியார் நேரே உள்ளே வந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அண்ணனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். “சூடு இல்லையே. ராடு துரு ஏறுறதுக்கு முந்தி இவன் துரு ஏறிருவான் போலயே” என்றார். அண்ணன் போர்வைக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்தான். அடுத்த நிமிஷம் அவர் முன்னால் நடக்க, இவன் பின்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் ஒரு மாசம் அண்ணன் நிஜமாகவே அம்மை போட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அப்பா பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமென்று அந்த மாசத்து ரெண்டு ரூபாயைக் கொடுத்தனுப்பினார். பணம் திரும்பி வந்துவிட்டது. “வராத மாசத்துக்குக் காசு எதுக்கு?” என்றாராம் வாத்தியார். அப்பாவுக்கு அது உறுத்தலாகவே இருந்திருக்க வேண்டும். கூடத்துக் கதவுக்கு ஒரு மாங்காய்ப் பூட்டு செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். “இங்க இருக்கிறத ஒருத்தன் திருடணும்னா, அவனும் நம்மகிட்ட ஒரு வருஷம் பழகியிருக்கணுமேய்யா.”

அந்தப் பூட்டோடு ஜோடியாக அப்பா செய்த இன்னொன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னது, என் தகரப் பெட்டிக்கு வந்தது. ஹாஸ்டல், கல்யாணம், குரோம்பேட்டை என்று என்னோடு கூடவே வந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் படித்தபோது அப்பா இல்லை. அந்த வருஷம் என் பூட்டு எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

நான் முப்பத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டியவள். ஓய்வுக்கு ஐந்து வருஷம் இருக்கும்போது முழங்கால் வலி ஆரம்பித்தது. ‘நடங்க, கொஞ்சம் வெயிட்டும் தூக்குங்க’ என்றார் டாக்டர். முப்பது வயசுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3லிருந்து 8 சதவீதம் தசை கரைந்துகொண்டே போகுமாம், அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகமாம். எனக்குக் காதில் விழுந்தது கரையும் என்ற சொல் மட்டும். அந்த ஜனவரியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடிச் சுவரோடு ஒரு ஜிம்மில் வருஷச் சந்தாவுக்குச் சலுகை என்று பேனர். போனேன். உள்ளே ஏசி குளிர். ஒரு பெண் என்னை மெஷின் மேல் ஏற்றி இரண்டு கைப்பிடியையும் பிடிக்கச் சொன்னாள். அது ஒரு தாளைத் துப்பியது. எனக்கு வயசு 55. உடம்புக்கு 68 என்றது தாள். “பயப்படாதீங்க மேம்” என்று அந்தப் பெண் சொன்ன விதத்திலேயே பயம் வந்துவிட்டது. பாலிசி விற்பதற்கு எங்கள் ஏஜெண்டுகளும் இதைத்தான் செய்வார்கள், முதலில் மரணம், அப்புறம் பிரீமியம். தெரிந்திருந்தும் கையெழுத்துப் போட்டேன்.

வருஷத்துக்கு 12,000. ஜி.எஸ்.டி. ரோட்டு ஜிம்முக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. ஆக 14,160. (2025 செப்டம்பரில் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். எனக்குப் பிரயோஜனமில்லாத காலத்தில்.) இது போக ஷூ, இந்த நீலப் பை. லாக்கருக்கு நம் பூட்டை நாமே கொண்டுவர வேண்டும் என்றார்கள். அப்பாவின் பூட்டைக் கொண்டுபோனேன். மற்ற லாக்கர்களில் எல்லாம் நம்பர் பூட்டு. நடுவில் இது மட்டும் கறுப்பாக, குட்டி மாங்காய் மாதிரி தொங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் வாரம் ஆறு நாள். ரெண்டாம் வாரம் நாலு. நான் ராதா நகர் பக்கம். ஜிம் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். கேட் போட்டால் ஒரு மின்சார வண்டி, அதற்கு எதிர்த் திசையில் இன்னொன்று, அப்புறம் ஏதாவது எக்ஸ்பிரஸ். கேட்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டால், ‘இனிமே போயி எப்ப திரும்பி, எப்ப சமைச்சு, எப்ப ஆபீஸ் போறது’ என்று கால் தானாகத் திரும்பிவிடும். மனசு கெட்டது, கேட் திறந்திருக்கிற நாளிலும் மூடியிருக்குமோ என்று நினைத்துப் படுத்துக்கொள்ளும். சந்தா கட்டுவதற்கு முன்னால், நாம் போகப்போகிற அதே நேரத்தில், அதே வழியாக ஒரு வாரம் சும்மா போய்வந்து பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேட்டும் திறந்திருந்தது, ஜிம்மும் காலியாக இருந்தது.

போன நாளிலும் நான் செய்தது டிரெட்மில் நடைதான். மற்றதைத் தொடப் பயம். தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமானால் மாசம் 6,000 என்றார்கள். அதனால் டிவி பார்த்துக்கொண்டு ரப்பர் பட்டையில் நடந்தேன். அந்தக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ரோட்டில் ஜனங்கள் காசு கொடுக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். டிரெட்மில் முதலில் வந்ததே ஜெயிலுக்காம். 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேய என்ஜினீயர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று செய்த படிச்சக்கரம். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுகூட அதில் மிதித்தவர். அவர்களிடம் யாரும் சந்தா வாங்கவில்லை.

மார்ச்சில் ஆபீஸில் ஆண்டு முடிவு வேலை. ஏப்ரலில் மகன் கல்யாணம். மே மாசம் வெயில். ஜூனில் சென்னையில் தண்ணீரே இல்லை, லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கவே நேரம் போதவில்லை. அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லை. ஜிம்மிலிருந்து யாரும் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. பிறந்தநாளுக்கு மட்டும் ஒரு எஸ்எம்எஸ் வந்தது, கேக் படம் போட்டு.

டிசம்பரில் போன். “மேம், ரினியூவலுக்கு ஆஃபர் இருக்கு.” என் சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். என் லாக்கரில் புதுசாக ஒரு நம்பர் பூட்டு தொங்கியது. ரிசப்ஷன் பையன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தான். உள்ளே சாக்ஸ், தண்ணீர் பாட்டில், துண்டு என்று ஏகப்பட்ட பேருடைய மிச்சங்கள். கிளறி எடுத்து என் கையில் வைத்தான். வளையத்தைக் கட்டர் வைத்து நறுக்கியிருந்தார்கள். வெட்டுப்பட்ட இடம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது.

“மூணு மாசம் யூஸ் பண்ணாத லாக்கர உடைச்சிருவோம் மேம். நோட்டீஸ் ஒட்டியிருந்தோம்.”

ஒட்டியிருந்தார்கள். வந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பையன் மேல் கோபமில்லை. “இது எங்கப்பா செஞ்சது தம்பி” என்று மட்டும் சொன்னேன். அவன் திருதிருவென்று விழித்தான். அவனுக்கு என்ன தெரியும், பூட்டைப் போய் ஒருத்தர் கையால் செய்வார்களா?

அன்றைக்கு ராத்திரி தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பதிவேட்டில் என் வருகை 23 நாள். 14,160ஐ 23ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 615 ரூபாய் சொச்சம். டிவி பார்த்துக்கொண்டு நடக்க.

மருமகள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “அத்தை, நீங்க தனியாள் இல்ல” என்றாள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்று இரண்டு பேர், அமெரிக்காவில் மூன்று கிளப்பில் 7,752 உறுப்பினர்களின் வருகையை எண்ணி 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்களாம். மாசம் 70 டாலருக்கு மேல் கட்டுகிறவர்கள் சராசரியாக மாசத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. அங்கேயே பத்து தடவைக்கு பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். ‘எத்தனை நாள் வருவீர்கள்’ என்று கேட்டால் ஒன்பதரை என்று சொல்லுவார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் லாப்ஸான பாலிசிகளின் பைல்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்தவள் நான். ரெண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டி, அப்புறம் காணாமல் போனவர்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர்களிடம் கேட்டிருந்தால் இருபது வருஷமும் கட்டுவோம் என்றுதான் சத்தியம் செய்திருப்பார்கள்.

மூன்று மாசத்தில் ஊரடங்கு வந்து எல்லாக் கூடங்களையும் மூடிவிட்டார்கள். ஆகஸ்டில் திறக்கலாம் என்றபோது கண்ணாடிச் சுவர் ஜிம் திறக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. எல்லா நேரமும் கூட்டம்.

நான் மறுபடி ஒரு ஜிம்முக்குப் போனது ஓய்வுபெற்ற பிறகு. காய்கறிக் கடைக்குப் போகிற வழியில், கேட்டுக்கு இந்தப் பக்கமே, அரிசி மண்டி மாடியில் இருக்கிறது. ஏசி கிடையாது, சுவரில் நாலு ராட்சச ஃபேன். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு. நடத்துகிற தம்பி ஒரு காலத்தில் மாவட்டப் போட்டிகளில் மேடையேறியவன், இப்போது கொஞ்சம் தொப்பை. வருஷச் சந்தா 7,000 என்றான், மூன்று மாசத்துக்கு 2,400. வருஷக் கணக்கில் கட்டினால் 2,600 மிச்சம் என்று ஆசை காட்டினான். “தம்பி, எனக்கு என்னைத் தெரியும், மூணு மாசமே போதும்” என்றேன். அதற்கும் முன்னால் ஒரு வாரம், நாளுக்கு 100 ரூபாய் கொடுத்து வந்து பார்த்தேன். ஊருக்குப் போனால் நாட்களை நீட்டித் தருவாயா என்று கேட்டேன். பத்து நாளுக்கு மேல் என்றால் தருவதாகச் சொன்னான். அதை ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் சும்மாவா?

டிரெட்மில் பக்கமே போவதில்லை என்று முடிவு. நடக்கிறதுக்கு ரோடு இருக்கிறது. என் வீட்டில் இல்லாதது எதுவோ அதற்குத்தான் காசு. முதல் நாள் தம்பி வெறும் ராடைக் கையில் கொடுத்து ஸ்குவாட் என்று உட்கார்ந்து காட்டினான். அட, இது அண்ணன் போட்ட பஸ்கி! புஷ் அப் என்றது தண்டால். ஐம்பது வருஷத்துக்கு முந்தி வாசற்படியில் நின்று பதினேழு வரை எண்ணினதன் மிச்சத்தை இங்கே வந்து எண்ணிக்கொண்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, என்ன தூக்கினேன், எத்தனை தடவை என்று தேதி போட்டு எழுதினேன். போன தடவை 12 கிலோ என்றால் இந்தத் தடவை பன்னிரண்டரை. நோட்டு இல்லாவிட்டால் வருஷம் முழுக்க அதே ரெண்டு கிலோ டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருந்திருப்பேன். அப்படி ஆட்டுகிறவர்களை அங்கேயே பார்க்கிறேன்.

ஆனாலும் நோட்டு ஆளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகாது. அதற்கு வழி கண்டுபிடித்தது பூக்கார அக்கா. எங்கள் பாட்ச்சில் ஆறு பேர்: பூக்கார அக்கா, ரிட்டயரான ஹெச்.எம். டீச்சர், புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், மாவு கடை வைத்திருக்கும் அம்மாவும் மகளும், நான். ஏலச்சீட்டு பிடித்துப் பழகிய கை அக்காவுக்கு. “வராதவங்க நாளுக்கு இருவது ரூவா போடணும்” என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டாள். காய்ச்சல், தீட்டு, ஊர்ப் பயணம், எதுவும் செல்லாது. இருபது ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் அடுத்த நாள் ஐந்து பேர் பார்க்க அந்த மூடியைத் திறப்பது இருக்கிறதே! 2,400 கட்டியதை மறந்துவிட்டுப் படுத்துத் தூங்கலாம், இந்த இருபதை மறக்க முடியாது. மூன்று மாசத்தில் 52 நாள் போயிருந்தேன். நாளுக்கு 46 ரூபாய்.

பாட்டில் நிரம்பியதும் ஓட்டலுக்குப் போகலாம் என்றது மாவு கடைப் பெண். ஹெச்.எம். டீச்சர் தலையை ஆட்டிவிட்டார். ஜிம்மில் டம்பெல் ரெண்டரை கிலோவுக்கு அடுத்து நேராக ஐந்துக்குத் தாவுகிறது, எங்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளத்தில் மாசக்கணக்காக நின்றுகொண்டிருந்தோம். அபராதக் காசில் நாலு கிலோவில் ஒரு ஜோடி வாங்கினோம். அதில் ஆளுக்கு ஆள் தன் சோம்பேறித்தனம் எத்தனை கிராம் என்று சொல்லிச் சிரிப்பு.

கணக்குப் பைத்தியம் பிடித்தால் அதிலும் ஆபத்து. நாள் கூலியை 40க்குக் கீழே இறக்க வேண்டுமென்று மூக்கு ஒழுக ஒழுக ஒரு வாரம் போனேன். பாட்ச் முழுக்க ஜலதோஷம். எனக்கு அபராதம் போட வேண்டும் என்று எல்லாரும் ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். அதிலிருந்து காலண்டர் தாளில் வகுத்தல் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். அளவுக்கு வேறு ஒன்று கிடைத்துவிட்டது. கேஸ் சிலிண்டர். உள்ளே கேஸ் 14.2 கிலோ, இரும்பு அதைவிடக் கொஞ்சம் கூட, ஆகமொத்தம் ஏறக்குறைய 30. டெலிவரிப் பையன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான், உள்ளே வைத்து மாட்ட முப்பது ரூபாய் கேட்பான். போன தீபாவளிக்கு முன்னால் வந்த சிலிண்டரை, கால் அகட்டி, இடுப்பை மடக்கி, முதுகை வளைக்காமல் நானே தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தேன். பையன் நீட்டிய கையோடு நின்றான். “என்னம்மா சாப்பிடுறீங்க?” என்றான். கொண்டைக்கடலை என்றேன்.

போன மாசம் அண்ணன் வந்திருந்தான். அறுபத்தேழு வயசு, ஒரு பக்கம் இடுப்பு இழுத்து இழுத்து நடக்கிறான். “பாப்பா, நீ ஜிம்முக்குப் போறியாமே?” என்றான், பேரன் சினிமாவில் நடிக்கிறான் என்று கேள்விப்பட்ட மாதிரி. ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். அது ஆண்கள் நேரம், ஆனாலும் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் ஒவ்வொரு மெஷினாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய், “கர்லா இல்லையா?” என்று கேட்டான். சுவரில் அனுமாரைத் தேடியிருப்பான். ஒரு அமெரிக்கப் பயில்வான் படம்தான் இருந்தது. நான் 30 கிலோவை டெட் லிஃப்ட் போட்டுக் காட்டினேன். அவன் பாராட்டவில்லை. “கழுத்த ஏன் தூக்குற, நேரா வையி” என்றான். சொன்ன குரல் அவனுடையதில்லை. எங்கள் வாசலில் ஈரத்தலையோடு நின்றவருடைய குரல்.

அப்புறம் தம்பியைப் பார்த்துக் கேட்டான்: “தம்பி, வராத மாசத்துக்குக் காசு வாங்குவியா?”

“வாங்கலேன்னா வாடகை எப்பிடிப் பெரியப்பா கட்டுறது? நோட்டுல இருநூறு பேர் இருக்காங்க. அம்பது பேர் ஒண்ணா வந்தா நிக்க எடமில்ல. வராதவங்க கட்டுறதுலதான் வர்றவங்களுக்கு ஃபேன் சுத்துது.”

நல்ல பதில். ஒளிவு மறைவில்லை. நானும் ஒரு வருஷம் கண்ணாடிச் சுவருக்குள் யாருக்கோ ஏசி போட்டுக் கொடுத்தவள்தானே. அண்ணன் ஒன்றும் பேசாமல் ராடில் கையை ஓட்டினான். திரும்பி வரும் வழியில், கேட்டுப் பக்கத்தில் டீ குடிக்கும்போதுதான் சொன்னான். வாத்தியார் போன பிறகு கூடத்தை எடுத்து நடத்த ஆள் இல்லை. இடத்துக்கு வாடகை பாக்கி, கரண்டு பாக்கி. ராடையும் பிளேட்டையும் எடைக்குப் போட்டார்களாம். இவன் ஒரு கர்லாக்கட்டையை மட்டும் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான். “கதவுல அப்பா பூட்டு தொங்கிட்டே இருந்துச்சு. அத எடுக்கணும்னு எனக்குத் தோணல பாரு” என்றான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கிளம்பும்போது ஃபிரிட்ஜ் மேலிருந்த பூட்டு கண்ணில் பட, கையில் எடுத்தான். வெட்டுப்பட்ட இடம் அதற்குள் துருவேறியிருந்தது. “வளையம் மட்டும்தான போச்சு. உள்ள லீவர் நல்லாத்தான் இருக்கும். பட்டறையில ஒருத்தர் இன்னும் இருக்காரு. சாவி எங்க?” என்றான். அப்போது தேடிக் கிடைக்கவில்லை. சாவி இல்லாமல் அவர் தொடமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இப்போது கிடைத்துவிட்டது. நாளை மத்தியானம் திண்டுக்கல்லுக்கு வைகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், மூன்று நாள். இன்றைக்கு ஜிம்மில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அறுபது ரூபாய் முன்கூட்டியே போட்டேன். பூக்கார அக்கா அதை எண்ணிப் பார்த்துவிட்டு, “வர்ற வழியில ட்ரெயினு லேட்டாச்சுன்னா நாலாவது நாளுக்கும் போடணும்ல?” என்றாள். இன்னொரு இருபதை எடுத்துப் போட்டேன். லேட்டாகாவிட்டால் திருப்பித் தருவாயா என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லாமல் மூடியைத் திருகி மூடினாள்.